விசிறியின் வாக்குமூலம்

புதுக்கோட்டை நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடுமியான்மலையில், மேலைக்கோயில் என்னும் குடைவரையை ஒட்டிய பாறையில் வெட்டப்பட்டிருக்கும் சங்கீதக் கல்வெட்டைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர், அதன் வயதைக் கேட்டு வியந்து, சிகாநாத சுவாமியைத் தரிசித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். எழுத்தமைதியைக் கொண்டு ஏழாம் நூற்றாண்டினது என்று சொல்லப்படுகிற அந்தக் கல்வெட்டு 1904இல் ஆராய்ச்சியாளர் கண்ணில் பட்டு, பின்னர் பண்டார்கரால் எபிகிராஃபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டது. ஏழு ராகங்களுக்கு ஏழு பிரிவுகள்; ஒவ்வொரு பிரிவிலும் நந்நான்கு சுரங்களாகத் தொடுத்த வரிசைகள்; ஒரே சுரத்தின் எழுத்து உயிர் மாறி உயிர் மாறி வருகிற விசித்திரம். உருத்திராசாரியரின் மாணாக்கனான ஓர் அரசன் செய்வித்தது என்று அதுவே சொல்லிக்கொள்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்மனா அல்லனா என்பதில் வித்வான்களுக்குள் ஏகோபித்த அபிப்பிராயம் கிடையாது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது, கிரந்த எழுத்து வரிகளுக்குப் பின் தனித்து நிற்கும் இறுதித் தமிழ் வரிதான். எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியன என்று பொருள்பட நிற்கும் அதனை, எட்டு நரம்புள்ள வீணைக்கும் ஏழு நரம்புள்ள வீணைக்கும் இந்தச் சுரவரிசை ஒருங்கே பொருந்தும் என்று விளக்குவாருண்டு.

லினக்ஸ் டிரைவர்களைச் சோதித்துப் பிழைப்பவன் எவனும் அந்த வரிக்கு முன்னால் சற்று நின்றே தீருவான். எங்கள் தொழிலிலும், நிரல் முழுவதையும் எழுதி முடித்தபின், இது எந்தெந்தச் சிப்புகளுக்கு உரியது என்று ஓர் அட்டவணை எழுதிவைப்பது நியமம். எல்எம்78 என்ற சிப்புக்கு எழுதப்பட்ட டிரைவர் எல்எம்79க்கும் உரியது என்பது அப்படித்தான் லினக்ஸின் மையமாகிய கெர்னலுக்குத் தெரிகிறது. ஆனால் இந்த ஒற்றுமை அதோடு முடிந்துவிடுகிறது. குடுமியான்மலையில் நூல் இருக்கிறது, கருவி இல்லை. அந்த வீணையை மீட்டிய விரல்களும், உயிரெழுத்து மாறும்போது சுருதி எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது என்று கேட்டுணர்ந்த செவிகளும் போய்விட்டபடியால், அந்த எழுத்துகளின் பொருளைப் பற்றி இன்னும் ஆயிரம் வருஷம் வாதம் செய்யலாம்; வாதத்தைத் தீர்த்துவைக்கச் சாட்சி வராது. டிரைவர் எழுதுகிறவனுக்கு அந்தத் துர்ப்பாக்கியம் இல்லை. சிப்பைப் பற்றி அதைச் செய்தவர்கள் அச்சிட்டுக் கொடுத்த டேட்டாஷீட் ஒரு கையிலும், சிப்பும் அது ஆளுகிற விசிறியும் மேஜைமேலும் இருக்கின்றன. நூலும் கருவியும் எதிரெதிரே இருந்தும், நூல் ஒன்றும் கருவி ஒன்றும் சொல்லும்போது எதை நம்புவது என்று தடுமாறுவதையே நாங்கள் ‘டீபக்கிங்’ என்று பெயரிட்டு, அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொள்கிறோம்.

விசிறியை ஆளும் சிப் என்பது கணினிக்குள் இருக்கிற உபகரணங்களிலெல்லாம் மிகச் சாமானியமானது. விசிறிக்கு நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு; மூன்றாவதன் வழியே, விசிறி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் இரண்டு துடிப்புகளை அனுப்பித் தான் ஓடுவதைத் தெரிவிக்கும்; நான்காவதன் வழியே சிப் ஆணையிடும். அந்த ஆணை, விநாடிக்கு 25,000 தடவை ஏறி இறங்குகிற ஒரு சமிக்ஞை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பங்கு நேரம் ஏறிய நிலையில் நிற்கிறதோ அந்த அளவுக்கு வேகம். 25,000 என்று வைத்ததில் ஒரு தாட்சண்யம் உண்டு: மனிதச் செவி சுமார் 20,000க்கு மேல் கேட்காதாகையால், விசிறி தான் பெறும் ஆணையை நம் காதில் கீச்சிட்டுச் சொல்லாமல் இருக்கிறது. சிப்புக்கும் கணினிக்கும் இடையே நடக்கும் சம்பாஷணை ஐடூசி என்ற இரட்டைக் கம்பித் தடத்தில் நடக்கிறது. டிரைவரின் வேலை, அந்தச் சம்பாஷணையை நடத்தி, சிப்பின் ரெஜிஸ்டர்களில் உள்ள எண்களை மனிதருக்கு விளங்கும் எண்களாக மாற்றி, கோப்புகளின் உருவில் வெளியே வைப்பது. விசிறி நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, உஷ்ணம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் எவ்வளவு, வேகக் கட்டளை 0 முதல் 255 வரை எந்த எண் என்று கெர்னல் ஒரு பொது மரபை வகுத்திருக்கிறது. கதை இவ்வளவுதான். மே மாதத்து அக்கினி நட்சத்திரத்தில், செம்மண் புழுதி எந்த ஜன்னலையும் மதியாத எங்கள் ஜில்லாவில், கணினி அணையாமல் இருப்பதும் அணைவதும் இந்தச் சாமானியத்தைப் பொறுத்தது என்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு விஸ்தாரமாகப் பேசத் துணிகிறேன்.

எதைக் கொண்டு ஒன்றை உண்மையென்று அறிகிறோம் என்பது நம் நாட்டில் பழைய கேள்வி. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரத்து அளவைவாதி, காண்டல், கருதல், ஆகமம் உள்ளிட்ட பத்துப் பிரமாணங்களை எண்ணிச் சொல்லுகிறான். அதோடு விடாமல், பிரமாணத்தைப் போலத் தோன்றி மோசம் செய்கிற எட்டு ஆபாசங்களையும் அடுக்குகிறான். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் திரியக்கோடல், ஆராயாமல் முடிவு கட்டும் தேராது தெளிதல், கண்முன் நின்றும் உறைக்காத கண்டுணராமை ஆகியவை அவற்றில் சில. அந்தக் காதையைத் தத்துவ மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், டிரைவரைச் சோதிக்க உட்காருகிறவன் படிக்கவேண்டிய முதல் பாடம் அது. டேட்டாஷீட் அவனுக்கு ஆகமம். ரெஜிஸ்டரில் வாசித்த எண்ணைக் கொண்டு வேகத்தை ஊகிப்பது கருதல். விசிறியின் முன் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்ப்பது காண்டல். இம்மூன்றும் ஒத்துப்போகிற நாளில் அவனுக்கு வேலை இல்லை.

அளவைவாதியின் பத்தில் அபாவமும் ஒன்று. இல்லாமையைக் கொண்டு அறிவது. இதில் எவ்வளவு அபாயம் ஒளிந்திருக்கிறது என்பதற்கு எல்எம்78 வம்சத்துச் சிப்புகளைக் காட்டிலும் நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தச் சிப் விசிறியின் வேகத்தை நேராக அளப்பதில்லை. விநாடிக்கு 22,500 தடவை துடிக்கும் ஓர் உட்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, விசிறி ஒரு சுற்று முடிப்பதற்குள் அந்தக் கடிகாரம் எத்தனை தடவை துடித்தது என்று எண்ணி, அதை ஒரு வகுஎண்ணால் வகுத்து, எட்டு பிட் ரெஜிஸ்டரில் இடுகிறது. விசிறி மெதுவாகச் சுற்றச் சுற்ற எண் பெரிதாகும். எட்டு பிட்டில் 255க்கு மேல் எழுத இடமில்லை. ஆகையால் 255 என்று கண்டால் விசிறி நின்றுவிட்டது என்று கொண்டு, டிரைவர் 0 என்று அறிவிக்கும். நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றுகிற ஒரு விசிறியை இப்போது பொருத்துவோம். ஒரு சுற்றுக்கு 675 துடிப்பு. வழக்கமான வகுஎண்ணாகிய 2ஆல் வகுத்தால் 337. ரெஜிஸ்டர் தளும்பி 255இல் நின்றுவிடும். காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, விசிறி சுற்றவில்லை என்று டிரைவர் சாதிக்கும். வகுஎண்ணை 4 ஆக்கினால் 168 என்று வந்து உண்மை வெளிப்படும். 8 ஆக்கினால் 84 வரும். ஆனால் 84க்கும் 85க்கும் நடுவே 24 சுற்றுகள் காணாமல் போகும். மெதுவாக ஓடுவதையும் காணும் பார்வை வேண்டுமானால் கூர்மையில் கொஞ்சம் இழக்கத்தான் வேண்டும்; இரண்டையும் ஒருங்கே பெறுவதற்கு அந்த எட்டு பிட்டில் இடமில்லை.

இப்படிப்பட்ட 0ஐக் கண்டவுடன் விசிறி பழுது என்று கழற்றி எறிந்து, புதியது வாங்கிப் போட்டு, அதுவும் 0 காட்டக் கண்டு, கணினிப் பலகையே பழுது என்று தீர்மானித்தவர்களை நான் பார்த்ததுண்டு. தேராது தெளிதல் என்பதற்கு உரையாசிரியர்கள் இதைவிட நல்ல திருஷ்டாந்தம் தேடியிருக்க முடியாது. 0 என்பது விசிறி நின்றதாலும் வரலாம், விசிறியே இல்லாததாலும் வரலாம், மூன்றாவது கம்பி அறுந்ததாலும் வரலாம், எண்ண இடமில்லாததாலும் வரலாம். நான்கு காரணத்துக்கும் சிப்புக்கு வாய் ஒன்றே.

பின்னால் வந்த சிப்புகள் இந்தக் குறையைப் பதினாறு பிட் கொண்டு தீர்த்தன. தீர்த்த கையோடு வேறொன்றைக் கொண்டுவந்தன. ஏடிடி7475 போன்றவற்றில் உட்கடிகாரம் விநாடிக்கு 90,000 தடவை துடிக்கிறது. எண்ணிக்கை மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு ரெஜிஸ்டர்களில் வைக்கப்படுகிறது. ஐடூசி தடத்தில் இரண்டையும் ஒருசேரக் கேட்காமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பவன், அந்த இடைவெளியில் எண் மாறிவிட்டால் என்ன செய்வான்? எண்ணிக்கை 2,815 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மேல் பாதியில் 10, கீழ்ப் பாதியில் 255. அடுத்த கணம் 2,816: மேலே 11, கீழே 0. மேல் பாதியைப் பழைய கணத்திலும் கீழ்ப் பாதியைப் புதிய கணத்திலும் வாசித்தவனுக்குக் கிடைப்பது 10ம் 0ம், அதாவது 2,560. நிமிஷத்துக்கு 1,918 சுற்று என்று நிதானமாக ஓடிக்கொண்டிருந்த விசிறி, திடீரென்று 2,109 என்று பாய்ந்ததாகக் கணக்குச் சொல்லும். எண்ணிக்கை இறங்குமுகமாக இருந்தால் 11ம் 255ம் சேர்ந்து 3,071 ஆகி, வேகம் 1,758 என்று சரியும். இரண்டு கணங்களுமே உண்மை. இரண்டின் பாதியையும் ஒட்டவைத்த எண் ஒரு கணத்திலும் உண்மையாக இருந்ததில்லை. டேட்டாஷீட் இதற்குப் பரிகாரம் சொல்லியிருக்கிறது: கீழ்ப் பாதியை முதலில் வாசி, வாசித்தவுடன் மேல் பாதி உறைந்து நின்று உனக்காகக் காத்திருக்கும். அந்த ஒரு வாக்கியத்தைக் கண்டும் உணராமல் கடந்துபோன நிரல், பத்துத் தடவைக்கு ஒன்பது தடவை சரியாகவே நடக்கும்; ஆகவே சோதித்தவனின் மேஜையில் அது தேறிவிடும், வாங்கியவனின் வீட்டில் தவறிவிடும். எப்போதும் தவறுகிற பிழையை எங்களில் எவரும் அஞ்சுவதில்லை.

கேட்பதே சேதம் விளைக்கும் என்பதும் இந்தத் துறையின் அனுபவம். ஐடூசி தடத்தில் எந்த எண் வீட்டில் எந்தச் சிப் குடியிருக்கிறது என்று தெரியாதபோது, ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்ப்பது லினக்ஸ் உலகத்து வழக்கம். ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த ஏடி24ஆர்எஃப்08 என்ற நினைவகச் சிப் (ஈஈப்ராம்), சத்தமில்லாமல் தட்டிவிட்டுப் போகிற ஒரு வகைத் தட்டலை எழுதும் ஆணையாக எடுத்துக்கொண்டு, தன்னுள் இருந்த விஷயத்தையே கெடுத்துக்கொண்டது. உஷ்ணம் பார்க்கப் போய் இயந்திரத்தையே இழந்தவர்கள் உண்டு. ஆகவேதான் இன்றைக்கும் ஐடூசி சோதனைக் கருவி, ஈஈப்ராம்கள் வழக்கமாகக் குடியிருக்கும் முகவரிகளில் மட்டும் தட்டாமல், ஒரு பைட்டை வாசித்துப் பார்த்து ஆள் இருப்பதை அறிகிறது. அதன் கையேட்டில் இந்தச் சிப்பின் பெயர் சொல்லியே எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது.

சிப்பைத் தொடாமலே சோதிக்க வழி இல்லையா என்று கேட்பவர்களுக்காகக் கெர்னலுக்குள்ளேயே ஐடூசி-ஸ்டப் என்று ஒரு மாய சிப் இருக்கிறது. நினைவகத்தில் கொஞ்சம் இடம் பிடித்து, அதையே ரெஜிஸ்டர்கள் என்று பாவித்து, எழுதியதை வைத்துக்கொண்டு, கேட்டபோது திருப்பிக் கொடுக்கும்; அவ்வளவே. பண்ணையார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிற காரியஸ்தரைப் போல, அது டிரைவர் சொன்னதை ஒருபோதும் மறுப்பதில்லை. அப்படிப்பட்ட சாட்சியால் என்ன பிரயோஜனம் என்று தோன்றலாம். உண்மையில் அதற்குப் பெரிய பிரயோஜனம் உண்டு: குற்றம் முழுவதும் டிரைவரின் கணக்கிலேயே இருக்கும்போது, மறுக்காத சாட்சியின் முன்னால் அது தானாக வெளிப்பட்டுவிடுகிறது. கெர்னலில் இந்தப் பிரிவை நெடுங்காலமாகப் பராமரித்துவருகிற குந்தர் ரோக் இந்த மாய சிப்பைக் கொண்டே பல டிரைவர்களைச் சோதிக்கும் நிரல்களை எழுதிவைத்திருக்கிறார். புத்தியுள்ள எவரும் எழுதாத எண்களைக் கோப்பில் எழுதிப் பார்ப்பது அந்தச் சோதனையின் சூட்சுமம்.

2024இல் எல்எம்95234 முதலான சில டிரைவர்களில் அவர் திருத்திய பிழை அத்தகையது. உஷ்ண வரம்பாக −9223372036854775808 என்ற எண்ணை, அதாவது அறுபத்து நான்கு பிட்டில் எழுதக்கூடிய மிகக் கீழான எண்ணை, எழுதினால் என்ன ஆகும்? டிரைவர் முதலில் அதை வகுத்து அருகிலுள்ள முழு எண்ணாக்கிவிட்டுப் பின்னர் வரம்புக்குள் அடக்கும். முழு எண்ணாக்குவதற்காக வகுஎண்ணில் பாதியைக் கழிக்கும்போது, அதலபாதாளத்துக்கும் கீழே இறங்க இடமில்லாமல், எண் மறுபக்கம் சுற்றிக்கொண்டு வானளாவிய நேர்மறை எண்ணாக எழும்பும்; வரம்புக்குள் அடக்கும் வரி அதை நம்பி மிக உயர்ந்த வரம்பை எழுதிவிடும். பரிகாரம் இரண்டு செயல்களையும் இடம் மாற்றிவைப்பதுதான்: முதலில் அடக்கு, பிறகு வகு. அதே ஆண்டில் ஏஎம்சி6821 என்ற விசிறிச் சிப்பின் டிரைவரிலும் ஒரு வினோதம் நேராக்கப்பட்டது. உச்ச வேக வரம்பு வரம்பின்றி இருக்கும்போது வாசித்தால் 0 என்று சொல்லும். நீங்கள் 0 என்று எழுதினாலோ ரெஜிஸ்டரில் 65,535 போய் உட்காரும். வாங்கிய நாணயத்தையே திருப்பிக் கொடுக்காத கடை அது. இவையெல்லாம் நடைமுறையில் எவரையும் துன்புறுத்தியிருக்குமா என்பது வேறு கேள்வி. துன்புறுத்தாத பிழையையும் திருத்துவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்கள், திருத்தாமல் விட்ட அடுத்த பிழை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை முன்கூட்டிச் சொல்லட்டும்.

மாய சிப்பால் ஆகாதது எது என்பதையும் சொல்லவேண்டும். விசிறிச் சிப்புகள் பலவற்றில், வேகக் கட்டளையைத் தலைகீழாக அனுப்பும்படி சிப்பை அமைக்க ஒரு பிட் உண்டு. பலகையில் இடையே ஒரு டிரான்சிஸ்டர் இருந்து சமிக்ஞையைத் திருப்பிவிடுமானால் அந்தப் பிட் தேவைப்படும், இல்லாவிட்டால் தேவைப்படாது. பலகையைச் செய்தவர்கள் அதைச் சொல்லாமல் விட்டு, டிரைவரும் தவறாக ஊகித்துவிட்டால், 255 என்று எழுதியவுடன் விசிறி நிற்கும், 0 என்று எழுதினால் பேய்போல் சுழலும். ரெஜிஸ்டரை வாசித்தாலோ 255 எழுதிய இடத்தில் 255தான் இருக்கிறது. நிரலுக்குள் ஒரு முரண்பாடும் கிடையாது. ஆகமமும் கருதலும் கைகோத்துக்கொண்டு பொய் சொல்கின்றன. காலையில் குளிர்ச்சியாக இருக்கும்வரை விசிறி உற்சாகமாக ஓடும். வெயில் ஏறி, உஷ்ணம் ஏறி, கெர்னல் வேகத்தைக் கூட்டும்படி சொல்லச் சொல்ல விசிறி ஓயும். ஓய ஓயச் சூடு ஏறும். கடைசியில் கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். குளிரூட்டிய அறையில் சோதித்தவர்களுக்கு இது தெரியாமலே போகலாம். புதுக்கோட்டையில் மின்சாரம் போய் ஏசி நின்ற ஒரு மத்தியானம் போதும்.

ஆனால் காண்டலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. ஓடிக்கொண்டிருக்கும் விசிறியின் கட்டளையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஓர் எண்வரை அது ஓடிக்கொண்டிருக்கும். நின்ற விசிறிக்கு அதே எண்ணைக் கொடுத்தால் அது அசையாது. ஓடுவதற்கு வேண்டிய பலம் வேறு, கிளம்புவதற்கு வேண்டிய பலம் வேறு. மேலிருந்து இறங்கிச் சோதித்தவர், இந்த எண்ணில் விசிறி ஓடுகிறது என்று எழுதுவார். கீழிருந்து ஏறிச் சோதித்தவர் ஓடவில்லை என்று எழுதுவார். இருவருமே கண்ணால் கண்டதைத்தான் எழுதினார்கள். இதனால்தான் சில சிப்புகள், விசிறியைக் கிளப்பும்போது மட்டும் சிறிது நேரம் முழு வேகம் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்ட வேகத்துக்கு இறங்குகின்றன. காட்சியைப் பதிவு செய்கிறவன் அதற்கு முந்தைய காட்சியையும் சேர்த்துப் பதிவு செய்யவேண்டும் என்ற விதியை எந்த டேட்டாஷீட்டும் அச்சிடுவதில்லை.

இவ்வளவையும் சொன்னது ஒரு விண்ணப்பத்துக்காக. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மடிக்கணினிகளில், விண்டோஸோடு, சிடாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போடப்பட்டிருந்தது. நம் ஜில்லாவில் ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் கந்தர்வகோட்டையிலும் எத்தனையோ வீடுகளில் அவை பரண்மேல் கிடக்கின்றன. வேகம் போதாதென்று ஒதுக்கப்பட்ட அந்த இயந்திரங்கள் டிரைவரைச் சோதிக்கப் போதும். மடிக்கணினிகளில் விசிறியைப் பெரும்பாலும் தனியொரு சிறு கன்ட்ரோலரே ஆள்வதால் லினக்ஸ் அதை நேராகத் தொடுவது அரிது என்பது மெய்தான். ஆனால் மாய சிப்புக்கு விசிறி எதற்கு? பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கல்லூரி ஆசிரியர்கள் மாணவர்களிடம் அந்தப் பழைய இயந்திரங்களைக் கொண்டுவரச் சொல்லி, ஐடூசி-ஸ்டப்பை ஏற்றவைத்து, கெர்னலில் உள்ள ஏதாவது ஒரு விசிறி டிரைவரை அதன்மேல் ஓடவிட்டு, எழுதக்கூடாத எண்களையெல்லாம் எழுதிப் பார்க்கச் சொல்லலாம். பிழை அகப்பட்டால் அதைத் திருத்தி அனுப்புவதற்கு எந்தக் கம்பெனியின் சிபாரிசும் வேண்டாம். கெர்னல் எல்லாருடைய திருத்தத்தையும் ஒரே முறையில்தான் பரிசீலிக்கிறது. மாய சிப் காட்டாததையும் காண, பருவம் முடிவதற்குள் கல்லூரி ஒரு நாலு கம்பி விசிறியையும், அதை ஆளும் ஒரு சிப் வைத்த சிறு பலகையையும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். விசிறியின் விலை ஓர் இன்ஜினியரிங் பாடப்புத்தகத்தின் விலைக்குள் அடங்கும்.